பன்னிரண்டு கறுத்த வானங்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூன்லைட் ஸ்டுடியோவின் பலகையைப் பார்க்காமல் யாரும் படகுத்துறைக்குப் போக முடியாது. ஆள் உயர மஞ்சள் பலகை. அதில் தமிழிலும் மலையாளத்திலும் கொட்டை எழுத்தில் ‘ரீடச்சிங் நிபுணர் எஸ். சிகாபுதீன்’ என்று எழுதியிருக்கும். அதில் எஸ். சிகாபுதீன் என்பது மட்டும்தான் உண்மை.

நிபுணர் உள்ளே இருந்தாள். ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம், வடக்கு ஜன்னலோரம், சாய்வு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆரிஃபாதான் அந்த நிபுணர். சிகாபுதீனின் மனைவி. கேமராவில் படம் பதிகிற கண்ணாடி பிளேட்டில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். கன்னத்து அம்மைத் தழும்பு அங்கே ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெளிந்து கிடக்கும். ஆரிஃபா பென்சிலை ஊசியாகச் சீவி அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைப்பாள். அச்சுப் போட்ட படத்தில் தழும்பு இருக்காது. பென்சில் பட்ட அடையாளமும் இருக்காது. எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பென்சில் மாப்பிள்ளை தேடிக் கொடுத்திருக்கிறது.

இதெல்லாம் தன் கைவேலை என்று சிகாபுதீன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பலகை சொன்னது, இவர் மறுக்கவில்லை. வீட்டுப் பெண் கடை வேலை செய்கிறாள் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமே என்பது முதலில் காரணமாக இருந்தது. பத்து வருஷத்தில் காரணம் மறந்துபோய், பாராட்டு மட்டும் பழகிப்போயிற்று. “உம்ம கைக்குத் தங்க மோதிரம் போடணும் ராவுத்தரே” என்று யாராவது சொன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடக்கமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவர் நன்றாகவே பழகி வைத்திருந்தார்.

அப்படி மோதிரம் போடச் சொன்னவர்களில் ஒருவர் வெங்கடேஸ்வரன். பாலக்காட்டுக்காரர், எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். அவர் மகளின் படம் இங்கேதான் எடுத்தது; ஜாதகத்தோடு போன படம். அந்த நம்பிக்கையில்தான் 1960 ஜூன் கடைசியில், கொட்டுகிற மழையில், குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் கையிலிருந்த தகரப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் ஏறினார்.

“ராவுத்தரே, மூணு மாசம் சம்பளமில்லாத லீவு போட்டுண்டு போய் எடுத்ததாக்கும் இது. பாதி ஜெய்சால்மர் தாண்டின மணல்காடு, பாதி லாஹூல் மலை. ஒரு டஜன் பிளேட். கப்பல்ல இருக்கற சிநேகிதன் ஒருத்தன் வெலிங்டன் தீவுல இறங்கினப்போ கொண்டு வந்து குடுத்தது. இன்னொரு டஜன் இந்த ஜன்மத்துல கிடைக்காது.”

“அப்படி என்ன பிளேட் சாரே?”

“இன்ஃப்ரா ரெட். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல எடுக்கறது. உமக்குத் தெரியுமோல்லியோ?”

அந்த வார்த்தையை சிகாபுதீன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து ஆசையாசையாக விளக்கியிருப்பார், இந்தக் கதையே நடந்திருக்காது. ஆனால் தலைக்கு மேலே பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

“தெரியாமலா சாரே!” என்றார்.

“அப்போ நான் வகுப்பெடுக்க வேண்டாம். ஒண்ணே ஒண்ணு, கழுவறப்போ சிவப்பு விளக்குகூட ஆகாது. முழு இருட்டு. அடுத்த சனிக்கிழமை வரேன். ஆகஸ்ட்ல காலேஜ்ல கண்காட்சி வெச்சிருக்கோம், பெரிய பெரிய ஆளெல்லாம் வரா.” படகு மணி அடித்தது. வாத்தியார் குடையை விரித்துக்கொண்டு ஓடினார்.

முழு இருட்டில் பிளேட்டைக் கழுவினார் சிகாபுதீன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனுஷன் இருட்டறை வேலையில் கெட்டிக்காரர். ஈரம் காய்ந்து, மாதிரிக்கு ஒவ்வொரு அச்சுப் போட்டுப் பார்த்தபோதுதான் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

நட்ட நடுப்பகல், மணல்மேட்டின் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிறது, ஆனால் மேலே வானம் அமாவாசை மாதிரி கறுத்திருந்தது. மணல்காட்டின் நடுவில் ஒற்றை மரம், அதன் இலையெல்லாம் வெள்ளைவெளேர் என்று நின்றது. மலைப் படங்களும் அப்படியே. பனிமலைக்குப் பின்னால் கரிவானம். பள்ளத்தாக்கில் பயிரெல்லாம் நரைத்துக் கிடந்தது. பன்னிரண்டும் அப்படித்தான்.

கெடுத்துவிட்டோம் என்று முடிவு கட்டினார். மருந்தில் அதிக நேரம் விட்டோமோ, மட்டாஞ்சேரிக் கிணற்று உப்புத் தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டதோ. மூன்று மாதத்து லீவும், இந்த ஜன்மத்தில் கிடைக்காத டஜனும் அவர் கண் முன்னால் வந்து நின்றன. பிளேட்டுகளை அள்ளிக்கொண்டு திரைக்கு உள்ளே போனார்.

“ஆரிஃபா, இந்த வானத்தையெல்லாம் கொஞ்சம் வெளுக்க வெச்சுத் தா.”

ஆரிஃபா ஒவ்வொரு பிளேட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

“இது கெட்டுப்போனது இல்லீங்க.”

“பகல்ல வானம் கறுப்பா இருக்கு, மரம் வெள்ளையா இருக்கு. இது கெடாம பின்னே என்ன?”

“கெட்டா ஒண்ணுல ஓரத்துல கெடும், ஒண்ணுல நடுவுல கெடும். பன்னெண்டும் ஒரே மாதிரி இவ்வளவு சுத்தமா எங்கயாவது கெடுமா? தூரத்து மலைல வரி வரியா கல்லுகூடத் தெரியுது பாருங்க. சாரைக் கேளுங்க.”

“கேக்கறதா? தெரியும்னு சொல்லியாச்சு.”

“தெரியாதுன்னு இப்பச் சொல்லுங்க. போனா என்ன போகும்?”

மானம் போகும் என்று அவர் சொல்லவில்லை. பிளேட்டுகளை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள்.

“தெரியாத வேலைல நான் கை வைக்க மாட்டேன்.”

கோபம் வந்துவிட்டது ராவுத்தருக்கு. அவளுடைய மேஜையில் இருந்த தூரிகையையும் சிவப்பு மைக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்தார். பிளேட்டில் அந்தச் சிவப்பு மையை எங்கே பூசினாலும் அங்கே வெளிச்சம் நுழையாது, காகிதம் வெள்ளையாகவே நிற்கும். பத்து வருஷமாகத் தூரிகை பிடிக்காத கை. மணல்மேட்டு விளிம்பை ஒட்டி வரும்போது மை சில இடத்தில் மேட்டின் மேல் ஏறியது, சில இடத்தில் விளிம்பைத் தொடாமல் நின்றது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு நாள் பூசினார். மரத்துக்கு மை போதாது. வெள்ளை இலையைக் கறுக்க வைக்க வேண்டுமானால் பிளேட்டில் அந்த இடத்தைக் கரைக்க வேண்டும். கரைக்கிற மருந்தைப் பஞ்சில் தொட்டு மரத்தின் மேல் ஒற்றினார். இலை கரைந்தது. அது கரைந்தபோது ஒரு பெருமிதம்கூட வந்தது அவருக்கு. இப்போது நினைத்தாலும் அவர் நெஞ்சு சுருங்குவது அந்தப் பெருமிதத்தை நினைத்துத்தான்.

சனிக்கிழமை வெங்கடேஸ்வரன் வந்தபோது எதிர் கடை வீரபாண்டியும் சாயா கிளாஸோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தார். கயிற்றுக் கடைக்காரர், பஜார் செய்திகளுக்கு அவரே தபாலாபீஸ். சிகாபுதீன் படங்களை மேஜையில் பரப்பினார். வெளுத்த வானம், சாம்பல் மரம், காலண்டரில் வருகிற மாதிரி மலை.

வாத்தியார் முதலாவதைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். அப்புறம் வேகவேகமாக எல்லாவற்றையும் புரட்டினார்.

“என் வானம் எங்கே ஓய்?”

சிகாபுதீனுக்குப் புரியவில்லை. வாத்தியார் பிளேட் ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு மை திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

“கறுப்பா இருந்ததோல்லியோ? கறுப்பாத்தான் ஓய் வரணும்! நீல வானத்துல அந்த வெளிச்சம் கிடையாது, அதனால கறுப்பு. பச்சை இலை அதை அப்படியே திருப்பி வீசும், அதனால வெள்ளை. அதைக் காட்டத்தானே நான் அத்தனை தூரம் போனேன்? அந்த மரம் என்னன்னு தெரியுமோ உமக்கு? நம்மூர் வன்னி. ஒட்டகம்கூட நிக்காத மணல்ல ஒத்தை வன்னி. அது ஜொலிச்சிண்டு நிக்கும்னு மூணு நாள் காத்திருந்து எடுத்தேன். யார் இதுல பெயின்ட் அடிச்சது?”

வீரபாண்டி சாயாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண், வாத்தியார் கண், இரண்டும் சிகாபுதீன் மேல் இருந்தன. நாக்கு புரண்டது.

“வீட்டுல... அவதான் சாரே. ரீடச்சிங்ல சமயத்துல கூடமாட ஒத்தாசை பண்ணுவா. நான் இல்லாத நேரம் பார்த்து, தெரியாம கை வெச்சுட்டா.”

சொல்லி முடித்த பிறகுதான் திரை ஞாபகம் வந்தது. துணித் திரை. அந்தப் பக்கம் பென்சில் சீவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

வெங்கடேஸ்வரன் நல்ல மனுஷர். பெண் என்றதும் கோபத்தை விழுங்கிக்கொண்டார். திரையைப் பார்த்து, சின்ன வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற குரலில் சொன்னார்: “போகட்டும் அம்மா, வேணும்னு செய்யலை. ஆனா தெரியாத வேலைல கை வைக்கப்படாது, கேட்டேளா?”

அவளுடைய வார்த்தையே அவளுக்குப் புத்திமதியாகத் திரும்பிப் போயிற்று. சிகாபுதீன் தரையைப் பார்த்தார். இப்போது அவள் சொல்லிவிடுவாள், சொன்னால் தேவலை என்றுகூட அவருக்குத் தோன்றியது.

“தப்புதான் சாரே” என்றாள் ஆரிஃபா. “மை கழுவினாப் போயிடும். பிளேட்டை வெச்சுட்டுப் போங்க. ஒரு வாரம் தாங்க.”

மத்தியானம் சிகாபுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வழக்கம்போலப் பரிமாறினாள், மீன் வேண்டுமா என்று கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சத்தம் போட்டு ஆறுதல் தேடியிருப்பார். அதற்கும் வழி வைக்கவில்லை.

“ஐஸ் வேணும்” என்று மட்டும் சொன்னாள். “ஊறப் போட்டா பிளேட் மேல படம் இருக்கற சவ்வு இளகும். தண்ணி சில்லுன்னு இருக்கணும்.”

தோப்பும்படிக்குச் சைக்கிளில் போனார். மழை. மீன் ஏற்றுகிற இடத்தில் வரிசையில் நின்று ஐஸ் கட்டி வாங்கி, உமிச் சாக்கில் கட்டி, பின்னால் வைத்து மிதித்தார். தினமும் ஒரு கட்டி. மீன்காரர்கள், “என்ன ஸ்டுடியோ, படம் நாறுதா?” என்று கேலி செய்தார்கள். ஐந்து நாள் ஆரிஃபா பஞ்சை நனைத்து நனைத்து, இழுக்காமல், தேய்க்காமல், அவர் பூசிய சிவப்பை ஒற்றி எடுத்தாள். அவர் ஐஸை உடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வானமாகத் தெளிந்து வந்தது. கடைசிப் பிளேட்டிலும் வானம் வந்தது. மரம் வரவில்லை. கரைந்தது கரைந்ததுதான். வன்னி நின்ற இடத்தில் ஓட்டை விழுந்த கந்தல் மாதிரி ஒரு கறை இருந்தது. அதை அவள் ஓரமாக எடுத்து வைத்தாள்.

நடுவில் புதன்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்தார். வேறு ஊரில் எடுத்த பெண்ணின் பிளேட்டைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, ஆனால் திரைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: “உங்க வீட்டம்மா தொடாம நீங்களே செய்யணும் சேட்டா. ஏதோ சாரோட படத்தை நாசம் பண்ணிட்டாங்களாமே. வீரபாண்டி சொன்னார்.”

சிகாபுதீன் அதற்கும் தலையாட்டினார். அந்தப் பிளேட்டையும் திரைக்கு உள்ளேதான் கொடுத்தார். ஆரிஃபா அதை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

“நல்லா வந்த முகமெல்லாம் உங்க கை. சரி. அதுல எனக்கு வருத்தமில்லை. கெட்டுப்போனதுக்கு மட்டும் என் கை எப்படி வந்துச்சு?”

பதிலுக்குக் காத்திருக்காமல் பென்சிலைச் சீவத் தொடங்கிவிட்டாள். சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

சனிக்கிழமை வெங்கடேஸ்வரன் பதினோரு படங்களையும் பார்த்தார். கரிய வானத்துக்குக் கீழே மணல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. நாற்பது மைலுக்கு அப்பாலிருந்த மலை, கல் கல்லாகக் கிட்டே வந்து நின்றது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போச்சுன்னு நெனைச்சேன் ஓய். பதினொண்ணு வந்துடுத்து. வன்னி போனாப் போறது, அதுக்குக் குடுத்து வைக்கலை. உம்ம கைக்கு நான் மோதிரமே போடணும்.”

வீரபாண்டியும் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட மோசமான நேரம் வராது, இதுதான் நேரம் என்று சிகாபுதீனுக்குப் பட்டது.

“சாரே, கழுவினது அவ. பெயின்ட் அடிச்சது நான். மரத்தைக் கரைச்சதும் நான்தான். அவ வேண்டாம்னு சொன்னா. நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்.”

வெங்கடேஸ்வரன் அவரையே பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

“பெரிய மனுஷன் ஓய் நீர்! ஊர் பேசறது, பெண்டாட்டி பேர் கெடறதுன்னு பழியைத் தன் தலைல போட்டுக்கறார் பாரும் வீரபாண்டி. எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?”

“இல்லை சாரே, நிஜமாவே நான்...”

“போதும் போதும். உம்ம கையை எனக்குத் தெரியாதா? என் பொண்ணு படத்தைப் பார்த்தவனாக்கும் நான். அந்தக் கை இப்படித் திட்டுத்திட்டா அப்பி வைக்குமோ?”

வீரபாண்டி, “ராவுத்தருக்குத் தங்கமான மனசு” என்று சொல்லி ஆமோதித்தார். இன்னும் அரைமணியில் அது பஜார் முழுக்கப் போய்விடும். திரை அசையவில்லை. பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் பாராட்டுகிறார்கள். போன சனிக்கிழமையைவிட இன்றைக்கு அவருக்கு அதிகமாகக் கூசியது. இப்படியே விட்டுவிடலாம் என்றும் ஒரு நொடி தோன்றியது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்றே, நம்பாதது அவர்கள் பாடு என்று. அந்த ஒரு நொடிக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டார்.

உள்ளே போனார். ஆரிஃபா நிமிர்ந்து பார்த்தாள். அவள் மேஜையிலிருந்து தூரிகையையும் சிவப்பு மையையும், ஓரமாக வைத்திருந்த அந்தக் கெட்டுப்போன பிளேட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாத்தியாருக்கு எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“பாருங்க சாரே.”

பிளேட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, மணல்மேட்டு விளிம்பை ஒட்டி வானத்தைப் பூசினார். தன்னால் முடிந்த அளவு நன்றாகவே பூசினார், அதுதான் கொடுமை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டை நேராக இழுக்கப் பார்த்தார். மை மேட்டின் மேல் ஏறியது. துடைக்கப் போய் இன்னும் பரவியது. வலது ஓரத்தில் விளிம்பைத் தொடாமல் ஒரு நூல் அளவு இடைவெளி விட்டு நின்றது. நெற்றி வேர்வை பிளேட்டில் சொட்டியது.

வெங்கடேஸ்வரன் போன வாரத்துப் படத்தைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே இடத்தில் மேடு ஏறிய வெள்ளைப் புடைப்பு. அதே வலது ஓரத்தில் மை படாத நூல் அளவு கறுப்புக் கோடு. படத்தை மறுபடி பைக்குள் வைக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

“அப்போ என் பொண்ணு படம்?” என்றார்.

“அவ கை சாரே. எல்லாமே அவ கை. பத்து வருஷமா.”

வாத்தியார் திரைக்கு முன்னால் போய் நின்றார். போன வாரம் நின்ற அதே இடம். “அம்மா, உங்களுக்குப் போய் நான் புத்தி சொன்னேனே” என்றார். “மன்னிக்கணும்.”

“அதுக்கென்ன சாரே, நீங்க சொன்னது நியாயமான வார்த்தைதானே. கேக்க வேண்டியவங்க கேட்டாச் சரி” என்றாள் ஆரிஃபா.

வீரபாண்டி சத்தமில்லாமல் சாயா கிளாஸை எடுத்துக்கொண்டு நழுவினார். வெங்கடேஸ்வரன் பதினோரு பிளேட்டையும் பெட்டியில் அடுக்கினார். மோதிரத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது சிகாபுதீனைப் பார்க்காமலே, “வரேன் ஓய்” என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. அதற்கு மேல் கேட்கிற முகமும் சிகாபுதீனுக்கு இல்லை.

திரை விலகியது. கடைப் பக்கம் வராத ஆரிஃபா தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்து, அவர் கையிலிருந்த பிளேட்டை வாங்கினாள்.

“காயறதுக்கு முன்னாடி கழுவணும். இதை நான் கழுவிக்கிறேன்.” வாசலைப் பார்த்தாள். “பலகையை நீங்க கழுவுங்க.”

அது எண்ணெய்ச் சாயம், தண்ணீரில் போகாது. அவளுக்கும் தெரியும். சிகாபுதீன் எதிர் கடைக்குப் போய் வீரபாண்டியிடம் ஏணி கேட்டார், பக்கத்துக் கடையில் டர்பன்டைன் வாங்கினார். தூறல் விடவில்லை. படகுத்துறைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஏணிக்குக் கீழே நின்று, “என்ன ராவுத்தரே, பேரை அழிக்கிறீங்க?” என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் அவர் மேலேயிருந்தபடியே முதலிலிருந்து சொன்னார்.